நியூட்ரியா: பரவியது எப்படி, ஒழித்தது எப்படி?

நியூட்ரியா தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு பெரிய கொறிணி. அர்ஜென்டினா, உருகுவே, சிலி, தெற்குப் பிரேசில் பகுதிகளின் ஆறுகளும் சதுப்பு நிலங்களும்தான் அதன் சொந்த இடம். பிரிட்டனில் இதையே கோய்பூ என்பார்கள். பார்த்தவுடன் எலி என்றுதான் தோன்றும். ஆனால் வளர்ந்த ஒன்று 5 முதல் 9 கிலோ வரை எடை இருக்கும். முன்பற்கள் ஆரஞ்சு நிறம். பின்னங்கால் விரல்களுக்கிடையே சவ்வு உண்டு, அதனால் நன்றாக நீந்தும். நீரில் வாழும் இன்னொரு கொறிணியான பீவரோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. வாலைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்: பீவரின் வால் தட்டையாக அகன்றிருக்கும், நியூட்ரியாவின் வால் உருண்டு நீண்டிருக்கும்.

உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவி இனங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் போட்ட பட்டியலில் இதுவும் இருக்கிறது. அயல் ஊடுருவி என்றால், மனிதன் கொண்டுபோய் விட்டதால் புதிய இடத்துக்கு வந்து, அங்கே பெருகி, அந்த இடத்தைக் கெடுக்கும் உயிரினம். வெளியிலிருந்து வருவது எல்லாமே இப்படி ஆவதில்லை. பெரும்பாலானவை வந்த இடத்தில் நிலைக்காமலே போய்விடும். நிலைத்துப் பெருகிச் சேதம் செய்யும் சிலவற்றைத்தான் இந்தப் பெயரால் குறிக்கிறோம்.

இப்படிப்பட்ட இனங்களைப் பற்றிப் புரிந்துகொள்ள நியூட்ரியாவை விட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஒரே பிராணி, ஒரே மாதிரிச் சேதம், ஆனால் ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு வழியில் அதைச் சமாளிக்கப் பார்த்தது. யாருக்குப் பலித்தது, யாருக்குப் பலிக்கவில்லை என்பதும் இப்போது தெரிந்துவிட்டது. எத்தனை கொன்றோம் என்ற கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு வெற்றியா தோல்வியா என்று சொல்லவே முடியாது என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது. அந்த இடத்துக்கு வர, முதலில் இது எப்படிப் பரவியது என்று பார்க்கலாம்.

எல்லாம் ரோமத்துக்காக

நியூட்ரியாவின் மேல் முடி கரடுமுரடாக இருந்தாலும், அதன் அடியில் மென்மையான அடர்ந்த ரோமம் இருக்கிறது. குளிர் நாடுகளில் இந்த ரோமத்துக்கு ஒரு காலத்தில் நல்ல விலை. அதனால் 1920களிலும் 30களிலும் பல நாடுகளில் நியூட்ரியா பண்ணைகள் முளைத்தன. இங்கிலாந்துக்கு 1929-ல் வந்தது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக்கு 1930களில் வந்தது. ஜப்பானிலும், பின்னாளில் தென் கொரியாவிலும் இப்படித்தான் நுழைந்தது. கிழக்கு அமெரிக்காவின் மேரிலாந்தில் 1943-ல் பிளாக்வாட்டர் என்ற வனவிலங்குப் புகலிடத்திலேயே ரோமத்துக்காகச் சோதனை முறையில் வளர்த்தார்கள். எந்த இடத்தைக் காப்பாற்ற வேண்டுமோ அந்த இடத்துக்குள்ளேயே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

பண்ணையில் வளைதோண்டும் பிராணியை அடைத்து வைப்பது லேசான காரியமில்லை. சில தப்பின. ரோமத்தின் விலை விழுந்தபோது, தீனி போட்டுக் கட்டுப்படியாகாத பண்ணையாளர்கள் சிலர் தாங்களே திறந்துவிட்டார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில், குளங்களில் களையைத் தின்று சுத்தம் செய்யும் என்று சொல்லி இதை விற்றவர்களும் உண்டு. களையைத் தின்றது உண்மைதான், அதோடு நிற்கவில்லை.

லூசியானாவில் பரவலாகச் சொல்லப்படும் ஒரு கதை இருக்கிறது. டபாஸ்கோ மிளகாய்ச் சாறு தயாரிக்கும் குடும்பத்தைச் சேர்ந்த மெக்கில்ஹென்னி என்பவர்தான் இதை முதலில் இறக்குமதி செய்தார், புயலில் கூண்டுகள் உடைந்து எல்லாம் தப்பிவிட்டன என்று. ஆவணங்கள் வேறு மாதிரிச் சொல்கின்றன. அவர் 1938-ல் தன் நியூட்ரியாக்களை அதே மாநிலத்தில் ஏற்கெனவே இருந்த ஒரு பண்ணையிலிருந்துதான் வாங்கினார். பின்னர் வேண்டுமென்றே வெளியே விட்டார். புயல் மேல் பழி போடும் கதை சுவாரஸ்யமாக இருக்கிறது. ஆனால் ஊடுருவி இனங்களின் வரலாற்றில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: பலர், பல இடங்களில், நல்லது என்று நினைத்தே செய்திருப்பார்கள்.

வந்தது எப்படி இவ்வளவாகப் பெருகியது?

நல்ல தீனி கிடைத்தால் ஒரு பெண் நியூட்ரியா பிறந்து ஆறு மாதத்துக்குள் கருத்தரிக்கும் பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் ஏறக்குறைய 130 நாள். ஒரு ஈற்றுக்கு சராசரியாக நான்கைந்து குட்டிகள், சில சமயம் பத்துக்கு மேலும் போகும். குட்டி போட்ட இரண்டு நாளுக்குள் அது மறுபடியும் இணை சேர்ந்துவிடும். ஆக, வருடத்துக்கு இரண்டு மூன்று ஈற்று சாத்தியம். இணை சேர இன்ன பருவம் என்று கிடையாது, வருடம் முழுக்கவே நடக்கும்.

எலிக்குட்டி போல இவை கண் மூடிய நிலையில் பிறப்பதில்லை. ரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறக்கின்றன, சில மணி நேரத்தில் நீந்துகின்றன. தாயின் முலைக்காம்புகள் வயிற்றில் இல்லாமல் விலாவின் மேற்பக்கத்தில் இருக்கின்றன. அதனால் தாய் நீரில் மிதந்துகொண்டிருக்கும்போதே குட்டிகள் பால் குடிக்கலாம். நீரில் வாழ்வதற்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு வேண்டுமா?

இங்கிலாந்தில் இதை ஆராய்ந்த மோரிஸ் காஸ்லிங் கண்டது இன்னும் ஆச்சரியமானது. நல்ல உடல்நிலையில் இருக்கும் தாய், கருவில் குட்டிகளின் எண்ணிக்கை குறைவாகவும் அவற்றில் பெண் அதிகமாகவும் இருந்தால், அந்தக் கருவை முழுவதுமாகவே இடையில் கலைத்துவிடுகிறது. பிறகு புதிதாகக் கருத்தரித்து, பெரும்பாலும் அதிகக் குட்டிகளோடு ஆரம்பிக்கிறது. தீனி நன்றாக இருக்கும் இடத்தில் ஒரு சினைக்காலத்தைக்கூட வீணாக்குவதில்லை என்பது மாதிரி.

சொந்த மண்ணில் வறட்சியும் வெள்ளமும் வேட்டையும் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தன. புதிய இடங்களில் அந்தக் கட்டு கிடையாது. லூசியானாவில் முதலைகள் நியூட்ரியாவைத் தின்கின்றன, அப்படியிருந்தும் பெருக்கம் நிற்கவில்லை. இயற்கையாக இதைப் பலமாக அடிப்பது கடுங்குளிர் ஒன்றுதான். 1962-63-ல் பிரிட்டனில் வந்த கடுமையான குளிர்காலத்தில் அங்கிருந்த கோய்பூக்களில் மிகப் பெரும்பாலானவை செத்துப்போயின. அப்படியும் முழுவதும் ஒழிந்துவிடவில்லை. மிஞ்சியவையே மறுபடி பெருகப் போதுமானதாக இருந்தன.

வேரைத் தின்பதுதான் பிரச்சினை

ஒரு நியூட்ரியா ஒரு நாளில் தன் உடல் எடையில் கால்வாசி வரை தின்னும். அளவு ஒரு பக்கம் இருக்கட்டும். அது எதைத் தின்கிறது என்பதுதான் பெரிய விஷயம். செடியின் மேற்பகுதியை மேய்ந்துவிட்டுப் போகும் பிராணியால் புல்வெளிக்குப் பெரிய ஆபத்தில்லை, திரும்ப முளைக்கும். நியூட்ரியா கோரையையும் நாணலையும் தோண்டி, வேரையும் கிழங்கையும் தின்கிறது. அடித்தண்டை மட்டும் கடித்துவிட்டு மற்றதை அப்படியே விட்டுப் போவதால், தின்பதைவிட வீணாக்குவது அதிகம்.

கடலோரச் சதுப்பில் மண்ணைக் கட்டிப் பிடித்து வைத்திருப்பதே இந்த வேர்கள்தான். அங்கே மண் என்பதே பெரும்பாலும் மக்கிய செடிகளும் வண்டலும் சேர்ந்த மெத்தை. வேர் போனால் அது இளகி, அலையில் கரைந்து, தரை சில அங்குலம் கீழே இறங்கும். இறங்கிய இடத்தில் ஓத நீர் தேங்கும். தேங்கிய நீரில் விதை முளைக்காது. சில வருடங்களில் அந்தத் துண்டு நிலம் திறந்த நீர்ப்பரப்பாக மாறிவிடும். அதன்பிறகு நியூட்ரியாவை அங்கிருந்து முழுவதுமாக எடுத்துவிட்டாலும் சதுப்பு தானாகத் திரும்பி வராது. இதனால்தான் காத்திருந்து பார்ப்போம் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

மேரிலாந்தில் சதுப்பின் சில பகுதிகளுக்கு வேலி போட்டு நியூட்ரியா நுழையாமல் செய்து பார்த்தார்கள். வேலிக்குள் செடிகள் தேறின, வெளியே சிதைவு தொடர்ந்தது. கடல் மட்ட உயர்வு, நிலம் தாழ்வது போன்ற வேறு காரணங்களும் அங்கே உண்டு. லூசியானாவில் 1932 முதல் 2016 வரை சுமார் 4,800 சதுர கிலோமீட்டர் கடலோர நிலம் போயிருக்கிறது. அதில் பெரும்பங்கு ஆற்றுக்குக் கரை கட்டியது, கால்வாய் வெட்டியது, நிலம் தாழ்ந்தது ஆகியவற்றைச் சேரும். நியூட்ரியாதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்வது தவறு. ஏற்கெனவே பலவீனமாக இருக்கும் நிலத்தில், மிச்சம் இருக்கும் பிடிமானத்தையும் அது எடுத்துவிடுகிறது.

வளை தோண்டுவது அடுத்த தொல்லை. ஆற்றுக் கரைகளையும் பாசனக் கால்வாய்களின் கரைகளையும் குடைந்துவிடும். கரும்பு, நெல், சோளம், சர்க்கரைக் கிழங்கு என்று பயிர்ச் சேதமும் உண்டு. சதுப்பை மீட்க நட்ட சைப்ரஸ் கன்றுகளை ஒன்றுவிடாமல் பிடுங்கிப் போடும்.

லட்சக்கணக்கில் கொன்றும் குறையாதது ஏன்?

லூசியானாவில் நீண்ட காலம் ரோம வேட்டையே இதைக் கட்டுக்குள் வைத்திருந்தது. 1976-77 பருவத்தில் மட்டும் 18 லட்சம் தோல்கள் எடுத்தார்கள். 1980களில் உலக அளவில் ரோமச் சந்தை சரிந்தது. பொறி வைப்பவர்கள் வேறு வேலைக்குப் போனார்கள், சதுப்பு நிலங்கள் மொட்டையாக ஆரம்பித்தன. நியூட்ரியா இறைச்சியைச் சாப்பிட வைக்கலாம் என்று பிரபல சமையல் கலைஞர்களை வைத்து விளம்பரம் செய்தார்கள், எடுபடவில்லை. எனக்கு அந்த யோசனையிலேயே ஒரு தயக்கம் உண்டு. ஒரு பிராணிக்குச் சந்தை உண்டாக்கினால், அது தீர்ந்துபோகக் கூடாது என்று நினைப்பவர்களும் உண்டாகிவிடுவார்கள். ரோமம் விஷயத்தில் நடந்ததே அதுதானே?

பிறகு 2002-ல் மாநில அரசு வெகுமதித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பதிவு செய்த வேட்டைக்காரர் வாலை வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தால், ஒரு வாலுக்கு 4 டாலர். பின்னர் 5, இப்போது 6 டாலர். வருடத்துக்கு 4 லட்சம் வரை பிடிப்பது இலக்கு. இதனால் மொட்டையாகும் நிலத்தின் பரப்பு நன்றாகவே குறைந்தது. ஆனால் நியூட்ரியாவை முழுவதும் ஒழிப்பது அந்தத் திட்டத்தின் நோக்கமே இல்லை. ஏன் என்று யோசித்தால் புரியும். வால் கணக்கில் கூலி என்றால், நிறைய இருக்கும் இடத்தில்தான் வேட்டைக்குக் கட்டுப்படியாகும். ஒன்றிரண்டு மட்டும் ஒளிந்திருக்கும் சதுப்புக்குப் படகில் நாள் முழுக்க அலைந்து 6 டாலர் சம்பாதிக்க யார் போவார்கள்? கடைசி நியூட்ரியாவைப் பிடிக்க ஆகும் செலவு, முதல் நியூட்ரியாவைப் பிடிக்க ஆனதைப் போலப் பல மடங்கு இருக்கும்.

இத்தாலியின் அனுபவம் இன்னும் கசப்பானது. 1995 முதல் 2000 வரை அங்கே 2 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேல் பிடித்தார்கள், 26 லட்சம் யூரோ செலவழித்தார்கள். அதே காலத்தில் கரைகளுக்கும் பயிர்களுக்கும் ஆன சேதம் 1 கோடி யூரோவைத் தாண்டியது. பரவலும் நிற்கவில்லை.

இதை ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு பகுதியில் 10,000 நியூட்ரியாக்கள் இருக்கின்றன, பிறப்பு இறப்பெல்லாம் கழித்து ஒரு வருடத்தில் இரட்டிப்பாகின்றன என்று வைத்துக்கொள்வோம். 20,000 ஆனதில் 8,000 பிடித்தால் 12,000 மிச்சம். அடுத்த வருடம் 24,000. அதில் 40 சதவீதமாக 9,600 பிடித்தால் 14,400 மிச்சம். இரண்டு வருடத்தில் 17,600 பிடித்துவிட்டோம் என்று செய்தி வரும், ஆனால் ஆரம்பித்தபோது இருந்ததைவிட அதிகமாக இருக்கும். இப்போது அதே இடத்தில் 60 சதவீதம் பிடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 20,000-ல் 12,000 போய் 8,000 மிச்சம், அடுத்த வருடம் 16,000-ல் 9,600 போய் 6,400 மிச்சம். முதல் வருடத்தைவிட இரண்டாம் வருடம் பிடித்தது குறைவு, அதுதான் நல்ல செய்தி. இரண்டு கணக்கிலும் இரண்டாம் வருடம் பிடிபட்டது அதே 9,600 என்பதைக் கவனியுங்கள். ஒன்று தோற்றுக்கொண்டிருக்கிறது, மற்றது வென்றுகொண்டிருக்கிறது.

நிஜத்தில் இன்னும் கொஞ்சம் சிக்கல். எண்ணிக்கை குறைந்தால் மிஞ்சியவற்றுக்குத் தீனி தாராளமாகக் கிடைக்கும், குட்டிகள் அதிகம் பிழைக்கும். ஒரு சதுப்பைச் சுத்தம் செய்தால் பக்கத்துச் சதுப்பிலிருந்து வந்து நிரப்பும். அதனால் எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில், பெருகும் வேகத்தைவிட அதிக வேகத்தில், விடாமல் எடுக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் செய்தது வீண்.

இங்கிலாந்து செய்தது

பண்ணையிலிருந்து தப்பிய கோய்பூக்கள் கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதி நீர்நிலைகளில் பெருகி, 1950களின் கடைசியில் 2 லட்சம் வரை இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். 1962-ல் பெரிய அளவில் பொறி வைக்கும் வேலை தொடங்கியது. கடுங்குளிரும் சேர்ந்துகொள்ள, எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. அப்புறம் முனைப்பு தளர்ந்தது. மிதமான குளிர்காலங்கள் வந்தன, 1970களில் மறுபடி ஏறியது.

இரண்டாவது முறை, வேலையை ஆரம்பிக்கும் முன் கணக்கு போட்டார்கள். காஸ்லிங்கின் குழு பிடிபட்ட ஒவ்வொன்றையும் அறுத்துப் பார்த்து, வயது, சினையா இல்லையா, எத்தனை குட்டி என்று பல வருடங்கள் பதிவு செய்து வைத்திருந்தது. அதை வைத்து எண்ணிக்கை எப்படி ஏறி இறங்குகிறது என்று கண்டுபிடித்தார்கள். குளிர் எப்படி இருந்தால் எத்தனை பொறிக்காரர்கள் எத்தனை வருடம் வேலை செய்ய வேண்டும் என்பது தெரிந்தது. 1981-ல் 24 பொறிக்காரர்களோடு தொடங்கினார்கள். கெடு 10 வருடம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது சம்பள ஏற்பாடுதான். வேலையை முடித்தால் பொறிக்காரர்களுக்கு வேலையே போய்விடும். தன் பிழைப்பைத் தானே சீக்கிரம் முடித்துக்கொள்ள யாருக்கு மனம் வரும்? அதனால் ஒழித்து முடித்தால் வருடச் சம்பளத்தைப் போல மூன்று மடங்கு வரை ஊக்கத்தொகை என்றார்கள். தாமதமானால் அந்தத் தொகை குறைந்துகொண்டே வரும், 10 வருடம் தாண்டினால் ஒன்றும் கிடையாது. பிடித்த எண்ணிக்கைக்குக் கூலி என்ற இடத்தில் முடித்ததற்குக் கூலி என்று மாற்றியதால், கடைசி கோய்பூ எங்கே இருக்கிறது என்று தேடுவது அவர்களுக்கே லாபமானது.

கூண்டுப்பொறிகளைத் தெப்பங்கள் மேல் மிதக்கவிட்டார்கள். கரையில் வைப்பதைவிட அதில் கோய்பூ அதிகம் விழுந்தது, மற்றவை குறைவாக விழுந்தன. உயிரோடு பிடிக்கும் பொறி என்பதால் தவறி விழுந்த நீர்க்கோழியைத் திறந்து விட்டுவிடலாம். இது அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. 1930களில் பிரிட்டன் மஸ்க்ரட் என்ற இன்னொரு அயல் கொறிணியைக் காலைக் கவ்வும் பொறிகளால் ஒழித்தபோது, ஆயிரக்கணக்கான உள்ளூர்ப் பிராணிகளும் பறவைகளும் கூடவே செத்தன.

1981 முதல் சுமார் 35,000 கோய்பூக்கள் பிடிபட்டன. 1989-ல் நாடு முழுக்க ஒழிந்தது. இத்தாலியின் 2 லட்சத்து 20 ஆயிரத்தையும் இந்த 35,000-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓர் உயிரைக் கொல்வது யாருக்கும் இனிப்பான வேலையில்லை. இந்தப் பிராணி தானாக வந்து குடியேறவும் இல்லை. கொல்வதைக் குறைக்க வேண்டும் என்று மனதார நினைப்பவர்கள், சீக்கிரமாகவும் முழுமையாகவும் முடிக்கும் திட்டத்தைத்தான் கேட்க வேண்டும். அரைகுறைத் திட்டத்தில் சாவுக்கு முடிவே இல்லை.

கடைசி ஒன்றைத் தேடுவது

மேரிலாந்தில் 2002-ல் தொடங்கிய சேசபீக் வளைகுடாத் திட்டம் இதே வழியில் போய், சுமார் 14,000 நியூட்ரியாக்களை அகற்றியது. முழுநேர ஊழியர்கள், கட்டம் கட்டமாகப் பிரித்த வரைபடம், ஒரு பகுதியை முடித்துவிட்டு அடுத்த பகுதி என்ற ஒழுங்கு. ஆனால் எண்ணிக்கை சொற்பமானதும் பொறி மட்டும் போதவில்லை. அங்கேதான் யூதாஸ் நியூட்ரியா, அதாவது தன் கூட்டத்தையே காட்டிக்கொடுக்கும் நியூட்ரியா, வந்தது. ஒன்றைப் பிடித்து, கருத்தடை செய்து, கழுத்தில் ரேடியோ பட்டை கட்டி விட்டுவிடுவார்கள். நியூட்ரியா கூட்டத்தோடு வாழும் பிராணி, அது போய் ஒளிந்திருக்கும் மற்றவற்றைத் தேடிச் சேரும். பின்தொடர்ந்து போனால் கூட்டம் அகப்படும். எச்சத்தை மோப்பம் பிடிக்கும் நாய்களையும் பழக்கினார்கள். நியூட்ரியா எச்சம் உருளையாக, நீளவாட்டில் கோடு கோடாக இருக்கும். நீரில் மிதப்பதால் பழகிய கண்ணுக்கும் தெரியும்.

அங்கே கடைசி நியூட்ரியா பிடிபட்டது 2015 மே மாதம். ஒழிந்தது என்று அறிவித்தது 2022 செப்டம்பரில். இடையில் ஏழு வருடம் வெறும் தேடல். கிடைக்கவில்லை என்பதற்கும் இல்லை என்பதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. ஒரு சினைப் பெண் எங்காவது மிஞ்சியிருந்தால் 20 வருட உழைப்பும் போச்சு. தெற்கே வர்ஜீனியாவின் சில பகுதிகளில் நியூட்ரியா இன்னும் இருப்பதால் கண்காணிப்பையும் விட முடியாது.

கலிஃபோர்னியா இப்போது அந்தப் பாதையின் நடுவில் இருக்கிறது. 1970களில் ஒழிந்துவிட்டதாக நம்பிய நியூட்ரியா, 2017-ல் மெர்செட் மாவட்டச் சதுப்பு ஒன்றில் மறுபடி அகப்பட்டது. பக்கத்திலேயே சாக்ரமெண்டோ - சான் ஜோக்வின் கழிமுகம். கடல் மட்டத்துக்கும் தாழ்ந்த வயல்களை மண் கரைகள்தான் காக்கின்றன, கோடிக்கணக்கான மக்களின் குடிநீரும் பாசன நீரும் அந்த வழியாகப் போகின்றன. கரையைக் குடையும் பிராணி அங்கே பரவினால் என்ன ஆகும் என்று யோசித்து மாநில வனவிலங்குத் துறை உடனே இறங்கிவிட்டது. கேமரா, நாய், யூதாஸ் நியூட்ரியா எல்லாமே அங்கும் பயன்படுகின்றன. இதுவரை 5,000-க்கும் மேல் பிடித்திருக்கிறார்கள். அடுத்த முறை இந்த எண் கூடியதாகச் செய்தி வந்தால், எத்தனை கட்டங்களில் தேடினார்கள், அதில் எத்தனை காலியாக இருந்தன, புதிதாக எந்த இடத்தில் அகப்பட்டது என்பதையும் சேர்த்துத் தேடிப் படியுங்கள்.